எந்த டேங்கின் டீசல்?

அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றில் டேங்கர் லாரி கவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ஜினுக்கு டீசல் போகும் டேங்க் கிழிந்து ஒழுகுகிறது. பின்னால் இழுத்து வந்த பெரிய டேங்கரிலும் விரிசல்; அதில் ஏற்றியிருந்ததும் டீசல்தான். இரண்டும் சாலையில் கலந்து ஒரே குட்டையாகத் தேங்கி நிற்கின்றன. துப்புரவுக்கு வந்த ஆட்களால் எது எந்த டேங்கின் டீசல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. காப்பீட்டு நிறுவனம் மட்டும் பிரித்துக் கேட்கும். என்ஜின் டேங்கிலிருந்து வந்ததை அள்ள ஆகும் செலவு சாதாரண லாரி பாலிசிக்குள் வரும். சரக்காக வந்த டீசலை அள்ளும் செலவு வராது. அதற்குத் தனியாக பிரீமியம் கட்டிக் கூடுதல் ஷரத்து ஒன்றை முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

இந்தக் கோட்டை யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பதற்கு வருவோம். அதற்கு முன், சாலையில் கொட்டிய டீசல் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பில் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

அங்கே ஓடும் பெரிய லாரிகளில் எரிபொருள் டேங்க் டிரைவர் கேபினின் இரண்டு பக்கமும், ஏறும் படியை ஒட்டி, உருளையாகத் தொங்கும். பெரும்பாலும் அலுமினியம். ஒவ்வொன்றும் 100 முதல் 150 காலன் பிடிக்கும். நம் கணக்கில் சுமார் 380 முதல் 570 லிட்டர். பக்கவாட்டில் இப்படி மாட்டும் டேங்குகளுக்கு மத்திய அரசு விதி ஒரு முரட்டுச் சோதனை வைத்திருக்கிறது. எரிபொருளின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் நிரப்பி, 30 அடி உயரத்திலிருந்து, மூலை தரையில் மோதும்படி கீழே போட வேண்டும். அதற்குப் பிறகும் நிமிடத்துக்கு ஓர் அவுன்ஸுக்கு மேல் ஒழுகக் கூடாது. இவ்வளவு தேறிய டேங்கும் சாலையில் கிழியத்தான் செய்கிறது. முன்னால் போன வண்டியின் வெடித்த டயர்த் துண்டு, கழன்று விழுந்த இரும்பு, தடுப்புக் கம்பியின் முனை என்று ஏதாவது ஒன்று போதும். பழைய வண்டிகள் பலவற்றில் இன்னொரு பலவீனமான இடமும் உண்டு. இரண்டு டேங்கிலும் டீசல் ஒரே மட்டத்தில் இறங்குவதற்காக அடியில் ஒரு குழாய் இரண்டையும் இணைத்துக்கொண்டு போகும். வண்டியின் வயிற்றுப் பக்கம் குறுக்கே ஓடும் அந்தக் குழாய் அறுந்தால், இரு பக்க வால்வுகளையும் யாராவது மூடும்வரை இரண்டு டேங்கும் சேர்ந்தே காலியாகும்.

கொட்டியது பெட்ரோல் என்றால் கவலை தீ. சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. ஆனால் தீப்பிடிக்காமல் தப்பித்துவிட்டால் அதில் கணிசமான பகுதி தானே ஆவியாகிப் போய்விடும். டீசல் நேர் எதிர். 52 டிகிரியைத் தாண்டினால்தான் அப்படி ஆவி விடும். ஆகவே எளிதில் எரியாது, எளிதில் போகவும் போகாது. மெல்லிய படலமாகப் பரவி, டயருக்கும் சாலைக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் லேசாகத் தூறல் விழுந்தால் பின்னால் வரும் வண்டிகளுக்கு பிரேக் பிடிக்காது.

தார்ச்சாலைக்கு டீசல் இன்னொரு கெடுதலும் செய்கிறது. தாரும் கச்சா எண்ணெயிலிருந்து வந்ததுதான். அதே ஹைட்ரோகார்பன் குடும்பத்தின் கனத்த உறுப்பினர். ஒத்த திரவம் ஒத்த பொருளைக் கரைக்கும். காலில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்போமே, அதே வேதியியல்தான். சில மணி நேரம் டீசல் தேங்கி நின்ற இடத்தில் தார் இளகி, ஜல்லி பிடிப்பை இழந்து, பெயர்ந்து வரத் தொடங்கும். மேலே துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போக முடியாது. அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்து மறுபடி தார் போட வேண்டியிருக்கும். கான்கிரீட் சாலைக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்த வேதியியல் பிறகு பாலிசியின் ஒரு வரியில் வந்து நிற்கப்போகிறது.

சாலையோரத்துக்கு டீசல் இறங்கிவிட்டால் கணக்கே மாறுகிறது. களிமண்ணாக இருந்தால் மேலோடு தேங்கும். மணலாக இருந்தால் கீழே இறங்கிக்கொண்டே போகும். பக்கத்தில் மழைநீர் வடிகால் இருந்தால் நேராக ஓடைக்கு. தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு பளபளப்பு தெரிந்தாலே போதும், அமெரிக்கச் சட்டப்படி அதை மத்திய அரசின் அவசர மையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். எத்தனை லிட்டர் என்ற கேள்வியே இல்லை. நிலத்தில் கொட்டியதற்கு மாநிலங்கள் தனித்தனி அளவு வைத்திருக்கின்றன. வட கரோலினாவில் அது 25 காலன். ஒரு பக்க டேங்கில் கால்வாசி போனாலே தாண்டிவிடும் அளவு.

எனவே முதலில் வருகிற ஆள் செய்யும் வேலைதான் மிகப் பெரிய செலவை மிச்சப்படுத்துகிறது. ஓட்டையை அடைக்க வேண்டும். மீதி டீசலை வேறு டேங்குக்கு இறைக்க வேண்டும். வடிகாலின் வாயை மறிக்க வேண்டும். சாலைமேல் உறிஞ்சு களிமண் துகள்களைத் தூவுகிறார்கள். துகளின் நுண்துளைகள் எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஓடையில் பாலிப்ரொப்பிலீன் இழையாலான நீண்ட திண்டுகளைக் குறுக்கே மிதக்கவிடுகிறார்கள். இந்த பிளாஸ்டிக் இழை தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயை மட்டும் ஏற்கும். ஆகவே தண்ணீரிலேயே கிடந்தாலும் எண்ணெயை மட்டும் குடித்துக் கனக்கும். சோப்புத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாமே என்று தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. சோப்பு எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலக்கவைக்கும். மிதவைத் திண்டின் கண்ணில் படாமல் அடியில் நழுவி அது ஓடைக்குப் போய்விடும். சாலை பளிச்சென்று இருக்கும், பில் இரண்டு மைல் தள்ளிப் போய்ப் பெருகும்.

மண்ணுக்குள் போனதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். தோண்டிய குழியின் பக்கங்களிலும் அடியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, ஹைட்ரோகார்பன் அளவு மாநில வரம்புக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் தோண்டல், இன்னொரு மாதிரி. அள்ளிய மண்ணைக் கண்ட இடத்தில் கொட்டவும் முடியாது. எங்கிருந்து எங்கே போனது என்ற சீட்டோடு, அதற்கென்று அனுமதி பெற்ற கிடங்குக்குத்தான் போக வேண்டும். டீசலைத் தின்னும் பாக்டீரியாக்கள் மண்ணில் இயல்பாகவே உண்டு. மண்ணைப் பரப்பி, கிளறி, காற்றும் உரமும் கொடுத்தால் மாதக்கணக்கில் அவை வேலையை முடிக்கும். நெடுஞ்சாலையோரம் அவ்வளவு காலம் யார் காத்திருப்பார்கள்? லாரியில் ஏற்றி அனுப்புவதே வழக்கம்.

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா பகுதியில் 2008 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. கனரக மீட்பு வண்டிக்காரர் சாலையை 90 நிமிடத்துக்குள் திறந்துவிட்டால் அவருக்கு ஊக்கத்தொகை. நெரிசலில் நிற்கும் ஆயிரக்கணக்கான வண்டிகளையும், பின்னால் வந்து மோதக்கூடிய அடுத்த விபத்தையும் நினைத்தால் நியாயமான யோசனைதான். ஆனால் சாலையைத் திறப்பதும் சாலையைச் சுத்தம் செய்வதும் வேறுவேறு வேலைகள். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஓரத்துப் பள்ளத்தில் தோண்டல் நாள்கணக்கில் நடக்கும். கிரேன் வாடகை, மீட்பு ஆட்களின் கூலி, உறிஞ்சு பொருள், போக்குவரத்தைத் திருப்பிவிடும் ஒளிப்பலகைகள், பொக்லைன் மணிக்கணக்கு, ஆய்வகக் கட்டணம், கிடங்குக் கட்டணம், புது மண், கடைசியில் ‘இங்கே இனி ஆபத்தில்லை’ என்று கையெழுத்திடும் நிபுணரின் அறிக்கை என எல்லாம் வரிசையாக வந்து சேரும். ஒரே ஒரு லாரி வைத்துப் பிழைப்பவர் விபத்தில் கை கால் பிழைத்து வீடு வந்து சேர்ந்த பிறகுதான் இந்தப் பில்கள் வரத் தொடங்கும்.

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம். அமெரிக்க வணிக வாகனப் பாலிசிகளுக்கு மாதிரிப் படிவம் எழுதித் தருவது இன்சூரன்ஸ் சர்வீசஸ் ஆபீஸ் என்ற அமைப்பு. பெரும்பாலான நிறுவனங்கள் அந்தப் படிவத்தையோ அதைத் தழுவிய ஒன்றையோதான் பயன்படுத்துகின்றன. அதில் மாசுக்கு என்று ஒரு விலக்கு இருக்கிறது. பின்னணி 1970களின் கடைசி. நியூயார்க் மாநிலத்தின் லவ் கெனாலில் பழைய ரசாயனக் குப்பைக்கு மேல் வீடு கட்டிக் குடியிருந்தவர்களின் கதை 1978இல் வெளியே வந்தது. 1980இல், மாசுபடுத்தியவரே சுத்தம் செய்ய வேண்டும் என்று சூப்பர்ஃபண்ட் சட்டம் பிறந்தது. பெட்ரோலியத்தை அந்தச் சட்டம் விலக்கி வைத்தது என்பது வேறு விஷயம். பழைய பாலிசிகளின் மேல் எதிர்பாராத கோரிக்கைகள் வந்து குவியவே, காப்பீட்டுத் துறை பயந்துபோனது. 1980களின் நடுவில் மாசு என்ற சொல் வந்த இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள்.

லாரி பாலிசியில் முழுவதுமாகச் சாத்த முடியவில்லை. எரிபொருள் இல்லாமல் ஓடும் லாரி அன்று இல்லை. கவிழ்ந்தால் ஒழுகத்தான் செய்யும். அதைக்கூட ஏற்காத பாலிசியை யார் வாங்குவார்கள்? எனவே ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். வண்டி இயங்கத் தேவையான எரிபொருள், எண்ணெய் முதலியவை, அவற்றை வைப்பதற்கென்றே தயாரித்த பாகத்திலிருந்து நேராக ஒழுகினால், அது பாலிசிக்குள். சரக்காக ஏற்றி வந்த மாசுப்பொருள் வெளியே.

மண்ணின் பக்கம் நின்று பார்த்தால் இது அபத்தம். கணக்கின் பக்கம் நின்று பார்த்தால் அப்படியில்லை. என்ஜின் டேங்க் எல்லா லாரியிலும் உண்டு. அதன் கொள்ளளவுக்கு ஓர் உச்சம் உண்டு. லட்சக்கணக்கான லாரிகளின் அனுபவத்தை வைத்து ஆண்டுக்கு எத்தனை டேங்க் கிழியும், சராசரியாக எவ்வளவு செலவாகும் என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அந்தச் செலவை எல்லோர் பிரீமியத்திலும் சிறிது சிறிதாகப் பரப்பவும் முடியும். சரக்கு அப்படியல்ல. ஒருவர் பஞ்சு ஏற்றுகிறார், இன்னொருவர் அமிலம் ஏற்றுகிறார். இரண்டுக்கும் ஒரே விலை வைத்தால் பஞ்சு ஏற்றுபவர் வேறு கடைக்குப் போய்விடுவார். அமிலம் ஏற்றுபவர் மட்டும் மிஞ்சுவார். ஆகவே சரக்கின் மாசை வெளியே தள்ளி, அதற்குத் தனி ஷரத்தும் தனி விலையும் வைத்தார்கள். இதில் எனக்குக் குறை ஒன்றுதான்: இந்தத் தர்க்கம் படிவத்தைப் படித்தவருக்கு மட்டுமே தெரியும். லாரிக்காரர் படிப்பது பிரீமியத் தொகையை.

படிவத்தில் இன்னொரு நுட்பமான வரி உண்டு. அரசு உத்தரவிட்டதால் ஆகும் துப்புரவுச் செலவைத் தருவோம். ஆனால் அதே விபத்தில் யாருக்காவது காயமோ, பிறர் சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டிருந்தால் மட்டுமே. லாரி தனியாகக் கவிழ்கிறது, யார்மேலும் மோதவில்லை, டீசல் மட்டும் சாலையில் ஓடுகிறது. சொத்துச் சேதம் எங்கே என்று நிறுவனம் கேட்கலாம். இளகிப்போன தாரும் பெயர்ந்த ஜல்லியும் பதில் சொல்வது இங்கேதான். கரைந்த சாலை மாநிலத்தின் சொத்து.

ஜெர்மனியில் இதே கேள்வி இன்னும் நேராகவே நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே சாலையில் நீளமாக எண்ணெய்க் கோடு போட்டுக்கொண்டே போகும் வண்டிகள் உள்ளாட்சிகளுக்குத் தீராத தலைவலி. தார் கரையவில்லை, வெறும் அழுக்குதான், அது சேதமாகுமா? 2011 ஜூன் 28 அன்று நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் ஆகும் என்றது. சாலையை அதன் வேலைக்குப் பயன்படாமல் ஆக்கும் அளவு எண்ணெய் படிந்தாலே அது சொத்துச் சேதம். சாலையின் உரிமையாளர் துப்புரவுச் செலவை வண்டியின் கட்டாயக் காப்பீட்டிலிருந்து கேட்கலாம்.

அமெரிக்காவில் சரக்கு விலக்கு விட்டுவைக்கும் இடைவெளியை ஓரளவு அடைப்பது 1980இன் மோட்டார் கேரியர் சட்டம். மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் நிறுவனங்களின் பாலிசியோடு எம்.சி.எஸ்.-90 என்ற ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். பொதுமக்களுக்கு ஏற்படும் காயம், சொத்துச் சேதம், சுற்றுச்சூழலைச் சீர்செய்தல் ஆகிய மூன்றுக்கும் இந்தத் தாள் உறுதி சொல்கிறது. சுற்றுச்சூழல் என்று அது குறிப்பது வண்டி ஏற்றிச் சென்ற சரக்கால் வந்த கேட்டை. பாலிசி எதை விலக்கியதோ அதை இந்தத் தாள் பிடித்துக்கொள்கிறது. சரக்கை அப்புறப்படுத்தும் செலவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. குறைந்தபட்சத் தொகை சாதாரணச் சரக்குக்கு 7,50,000 டாலர், எண்ணெய் போன்றவற்றுக்கு 10 லட்சம், மொத்தமாக ஏற்றும் மிக ஆபத்தான பொருள்களுக்கு 50 லட்சம்.

பெரிய தொகைதானே என்று லாரிக்காரர் நிம்மதி அடையக் கூடாது. இந்தத் தாள் அவருக்கான காப்பீடு அல்ல, பொதுமக்களுக்கான ஜாமீன். பாலிசி ஏற்காத ஒன்றுக்கு இதன்படி பணம் கொடுத்த நிறுவனம், அடுத்த மாதமே அதை லாரி முதலாளியிடம் திருப்பிக் கேட்கலாம். அந்த உரிமை தாளிலேயே அச்சாகியிருக்கிறது. அதுவும் இறுதித் தீர்ப்பு ஒன்று வந்தால்தான் தாள் வேலை செய்யத் தொடங்கும். மண் தோண்டிய ஒப்பந்தக்காரர் அதுவரை தன் கைக்காசைப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

தொகையும் 1980களில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அன்றைய 7,50,000 டாலரின் வாங்கும் சக்திக்கு இன்று 20 லட்சத்துக்கும் மேல் வேண்டும். உயர்த்தலாமா என்று 2014இல் மத்திய போக்குவரத்துத் துறையின் லாரிப் பாதுகாப்பு அமைப்பு கருத்துக் கேட்டது. 2017இல் அந்த முயற்சியைக் கைவிட்டது. அமெரிக்க லாரி நிறுவனங்களில் மிகப் பெரும்பான்மை பத்து வண்டிக்குள் வைத்திருப்பவை. பிரீமியம் கூடினால் முதலில் மூச்சு முட்டுவது அவர்களுக்குத்தான்.

அந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பதை 2023 ஜூன் 11 அன்று ஃபிலடெல்ஃபியா பார்த்தது. சுமார் 8,500 காலன், அதாவது 32,000 லிட்டர் பெட்ரோலுடன் வந்த டேங்கர் ஐ-95 நெடுஞ்சாலையின் இறங்குவழி வளைவில் கவிழ்ந்து தீப்பிடித்தது. நேர்மேலே நெடுஞ்சாலையின் பாலம். எஃகு சுமார் 600 டிகிரியில் தன் வலிமையில் பாதியை இழந்துவிடும். பெட்ரோல் தீ அதைத் தாண்டக்கூடியது. வடக்கு நோக்கிய பாலம் இடிந்து விழுந்தது. டிரைவர் உயிரிழந்தார். பழைய கண்ணாடியை உருக்கி நுரைக்கவைத்துச் செய்த எடை குறைந்த துண்டுகளால் பள்ளத்தை நிரப்பி, அதன் மேலேயே தற்காலிகச் சாலை போட்டார்கள். மழை பெய்தபோது கார்ப் பந்தயத் தடத்தை உலர்த்தும் ஜெட் இயந்திரத்தைக் கொண்டுவந்து காயவைத்தார்கள். 12 நாளில் போக்குவரத்து திறந்தது. மத்திய அரசின் அவசர நிதியிலிருந்து முதல் தவணையாக வந்ததே 30 லட்சம் டாலர். எண்ணெய் டேங்கருக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு, மேலே சொன்னபடி, 10 லட்சம்.

டீசலும் பெட்ரோலும் மாசு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பால்? கழிவுநீரை அளக்கும் அளவுகோல் ஒன்று உண்டு: அதில் இருப்பதைச் சிதைக்க பாக்டீரியாக்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்பது. சுத்திகரிக்காத சாக்கடை நீரில் இது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். பாலில் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு டேங்கர் பால் ஓடையில் கலந்தால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். சாக்லேட்? போலந்தில் 2018 மே மாதம் திரவ சாக்லேட் டேங்கர் ஒன்று கவிழ்ந்து, 12 டன் சாலையில் ஓடி, குளிர்ந்து, கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கொதிநீரை அழுத்தத்தில் பீய்ச்சித்தான் பெயர்க்க முடிந்தது.

இந்த வரிசையில் என்னால் மறக்க முடியாதது 2017 ஜூலை 13. ஆரெகன் மாநிலக் கடலோரத்தில் டீபோ பே ஊருக்கு அருகே ஒரு லாரி, தென் கொரியாவுக்குப் போக வேண்டிய 3,400 கிலோ ஹேக்ஃபிஷ்களை உயிரோடு 13 தொட்டிகளில் ஏற்றி வந்தது. முன்னால் சாலைப் பணிக்காக வண்டிகள் நின்றிருந்தன. சட்டென்று நிறுத்த முடியாமல் போக, தொட்டி ஒன்று பறந்து கார்கள்மேல் விழ, மற்றவையும் சரிந்தன. ஹேக்ஃபிஷ் பார்க்க விலாங்கு மாதிரி இருக்கும்; தாடை கிடையாது. சீண்டினால் உடலின் பக்கவாட்டுச் சுரப்பிகளிலிருந்து கொஞ்சம் திரவம் விடும். அதில் கோழைப் புரதமும், நூற்கண்டு போலச் சுருண்ட நுண்ணிழைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு இழையும் விரிந்தால் 10 முதல் 15 சென்டிமீட்டர். கடல்நீர் பட்டதும் ஒரு விநாடிக்குள் எல்லாம் விரிந்து, சுரந்ததைப்போல் 10,000 மடங்கு கன அளவுள்ள கோழையாகிவிடும். பெரும்பகுதி தண்ணீர்தான், இழைகள்தான் அதை ஓடவிடாமல் பிடித்துவைத்திருக்கின்றன. சுறாவின் செவுளை அடைத்து உயிர் தப்ப அந்தப் பிராணிக்கு இயற்கை கொடுத்த உத்தி அது. டீபோ பேயில் புல்டோசரால் வழித்துத் தள்ளி, தீயணைப்புக் குழாயால் அடித்துக் கழுவினார்கள்.

இப்படி ஒன்று நடக்கும்போது பாலிசியைப் பிரித்தால், மாசு என்பதற்கு அது தரும் விளக்கம் எரிச்சலூட்டும் அல்லது அசுத்தப்படுத்தும் திடம், திரவம், வாயு, வெப்பம் என்று பரந்து விரிகிறது. மீன் கோழை அதில் அடங்குமா? அடங்கும் என்றால் சரக்கு விலக்கு பாயும். அடங்காது என்றால் சாதாரணச் சொத்துச் சேதம், பணம் வரும். பால் சாலையில் கிடக்கும்வரை உணவு, ஓடையில் விழுந்ததும் மாசு என்று வாதாடவும் இடமிருக்கிறது. சரக்குக்கென்று தனியாக எடுக்கும் பாலிசிகளில் சிதறியதை அள்ளும் செலவுக்கு ஒரு பிரிவு இருப்பதுண்டு. ஆனால் சரக்கின் விலையோடு ஒப்பிட்டால் அதன் வரம்பு சின்னது.

இப்போது மின்சார லாரிகள் வந்துவிட்டன. 2024 ஆகஸ்ட் 19 அன்று கலிஃபோர்னியாவின் ஐ-80 நெடுஞ்சாலையில், எமிக்ரன்ட் கேப் அருகே, டெஸ்லா செமி ஒன்று சாலையை விட்டு விலகி மரத்தில் மோதித் தீப்பிடித்தது. ஒரு சொட்டு டீசல் கொட்டவில்லை. பேட்டரியைக் குளிர்விக்கத் தீயணைப்பு வீரர்கள் சுமார் 50,000 காலன், அதாவது 1,90,000 லிட்டர் தண்ணீரைக் கொட்டினார்கள். சுற்றிலும் தீ பரவாமலிருக்க விமானத்திலிருந்து தடுப்பு மருந்தும் தூவப்பட்டது. நெடுஞ்சாலை ஏறக்குறைய 14 மணி நேரம் மூடிக் கிடந்தது.

படிவத்தின் விதிவிலக்கில் வண்டியின் இயந்திர இயக்கத்தோடு மின் இயக்கத்துக்குத் தேவையானவையும் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. எழுதியவர்கள் அன்று நினைத்தது ஸ்டார்ட் செய்யும் சின்ன பேட்டரியின் அமிலமாகத்தான் இருக்கும். அந்த வரி இன்று லாரியின் நீளத்துக்குப் படுத்திருக்கும் லித்தியம் பேட்டரியையும் தாங்குமா, அதன்மேல் பட்டு மண்ணில் இறங்கிய தண்ணீர் பேட்டரியிலிருந்து ‘நேராக ஒழுகியது’ ஆகுமா என்பதையெல்லாம் இனிமேல்தான் வழக்குகள் சொல்ல வேண்டும். எமிக்ரன்ட் கேப்பில் சாலை திறந்த பிறகும் வேலை முடியவில்லை. அணைந்த பேட்டரி மறுபடி பற்றிக்கொள்ளலாம் என்பதால், எரிந்த லாரியை ஒரு திறந்த வெளிக்குக் கொண்டுபோய் 24 மணி நேரம் காவல் காத்தார்கள். டீசல் லாரியின் துப்புரவு பில்லில் அப்படியொரு வரி கிடையாது.